கேட்டுப் பெறுதலும் திருப்பிக் கொடுத்தலும்

விழா மலருக்கு ஒரு கட்டுரை வரைந்து தருக என்று பழைய மாணவர் சங்கத்து அன்பர்கள் கேட்டபோது யாம் முதலிற் தயங்கினோம். கல்லூரியின் வரலாற்றை எழுத எம்மினும் வல்லார் பலர் உளர். விளையாட்டுத் துறையின் வெற்றிகளை எடுத்துரைக்க அத்துறையிற் புகழ் ஈட்டியோர் உளர். யாம் அறிந்த தொழில் ஒன்றே. அது கணினிக்குச் செய்நிரல் எழுதும் தொழில். அத்தொழிலின் ஒரு சிறு பகுதியையும், அதனிடத்து யாம் செய்த ஒரு பெரும் பிழையையும் இங்கே எழுதத் துணிந்தோம். இன்று கணினி வகுப்பில் இருக்கும் மாணவருக்கு அது பயன்படும். அத்துறை பயிலாத பெரியோருக்கும் விளங்கும் என்பது எம் நம்பிக்கை.

யாம் கூறப் புகுவது இது: சி மொழியில் எழுதப்பட்ட செய்நிரலொன்று, தான் ஓடிக்கொண்டிருக்கும்போதே தனக்கு வேண்டிய நூலகத்தைக் கேட்டுப் பெற்று, அதனைப் பயன்படுத்தி, வேலை முடிந்தபின் திருப்பிக் கொடுத்தல்.

நூலகம் என்றதும் எம் போன்றார் நினைவுக்கு வருவது கல்லூரி நூலகமே. நீண்ட மேசைகளும், கண்ணாடிக் கதவிட்ட அலுமாரிகளும், வாயிலருகே பெரிய பதிவேட்டோடு அமர்ந்திருந்த நூலகரும் இன்றும் கண்முன் நிற்கின்றனர். கணினித் துறையார் வழங்கும் நூலகமும் இதனோடு ஒப்புமை உடையதே. பெயர் சொல்லி அழைத்தால் ஒரு வேலையைச் செய்து விடை தரும் கட்டளைத் தொகுதியைச் சார்பு என்பர். வர்க்கமூலம் காண ஒரு சார்பு, சொற்களை அகரவரிசைப்படுத்த ஒரு சார்பு எனப் பலருக்கும் பயன்படும் சார்புகளை ஒரு கோப்பிலே தொகுத்து வைத்தால் அது நூலகமாகும்.

அந்நூலகத்தைச் செய்நிரல் பயன்படுத்தும் வழிகள் மூன்று. முதலாவது வழி, செய்நிரலை உருவாக்கும்போதே வேண்டிய சார்புகளை அதனுள்ளே படியெடுத்துச் சேர்த்துவிடுதல். மாணவன் ஒருவன் நூலின் பக்கங்களைத் தன் கொப்பியில் எழுதிக்கொள்வதை இது ஒக்கும். பின்னர் அவன் நூலகம் செல்ல வேண்டுவதில்லை. ஆனால் நூலிலுள்ள பிழையை நூலாசிரியர் திருத்தினாலும் கொப்பியிலுள்ள பிழை திருந்தாது. நூறு மாணவர் எழுதினால் நூறு கொப்பிகள் நிறையும்.

இரண்டாவது வழியிலே, செய்நிரல் சார்புகளின் பெயரை மட்டும் தன்னகத்தே கொண்டிருக்கும். அது ஓடத் தொடங்கும்போது, ஏற்றி என்னும் துணைச் செய்நிரல் அந்நூலகத்தைத் தேடிக் கொணர்ந்து இணைத்து வைக்கும். இவ்வாறு பலராலும் பகிரப்படுவதே பகிர்வு நூலகம். அதன் கட்டளைகள் நினைவகத்தில் ஒருமுறை மாத்திரமே இடம் பிடிக்க, பல செய்நிரல்கள் அவ்வொன்றையே பயன்படுத்தும். குறை யாதெனில், எவ்வெந்நூலகம் வேண்டுமென்பதைச் செய்நிரலை ஆக்கும்போதே அறிந்திருத்தல் வேண்டும். தொடங்கும் வேளையில் அவற்றுள் ஒன்று கிடையாவிடினும் செய்நிரல் தொடங்காது.

மூன்றாவது வழியே எம் பொருள். செய்நிரல் தொடங்கி, ஓடி, இடையிலே ஒரு தேவை தோன்றும்போது மாத்திரம் நூலகத்தின் பெயரைச் சொல்லிக் கேட்கும். அப்பெயரைச் செய்நிரல் ஆக்கியவர் முன்னரே அறிந்திருக்க வேண்டுவதில்லை. அந்நூலகம் அன்றைக்கு எழுதப்பட்டிருக்கவும் வேண்டுவதில்லை. வேண்டியதை வேண்டியபோது இணைத்தல் என்னும் இக்கருத்து 1960களில் எழுந்த மல்ட்டிக்ஸ் என்னும் பணிசெயல் முறைமையிலேயே காணப்படுவது. 1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வுகூடத்து டென்னிஸ் ரிச்சி ஆக்கிய சி மொழியின் விதிகளில் இதற்கு இடமில்லை. மொழிக்குப் புறம்பாகப் பணிசெயல் முறைமைகளே இவ்வசதியை வழங்கின. சன் நிறுவனத்தாரின் முறைமையில் வழங்கிய நான்கு சார்புகள் பின்னர் யுனிக்ஸ் வழிவந்த முறைமைகளுக்குப் பொதுவாகி, 2001ஆம் ஆண்டின் போசிக்ஸ் விதிகளிலும் இடம்பெற்றன. விண்டோஸ் முறைமையிலே பெயர்கள் வேறாயினும் வேலை ஒன்றே.

அந்நான்கையும் மாணவர் பொருட்டு விரித்துரைப்போம். முதலாவது டீஎல்ஓப்பன். நூலகக் கோப்பின் பெயரைக் கொடுத்தால் அதனை நினைவகத்தில் ஏற்றி, ஒரு கைப்பிடியைத் தரும். பெயரிலே சாய்கோடு இருப்பின் அதனைக் கோப்பின் வழியாகவே கொள்ளும். இல்லாவிடின் முறைமை வகுத்த இடங்களில் தேடும். அந்நூலகம் வேண்டி நிற்கும் பெயர்கள் எல்லாவற்றையும் உடனே இணைப்பதா, ஒவ்வொரு சார்பும் முதன்முறை அழைக்கப்படும்போது இணைப்பதா என்று நாமே சொல்லலாம். உடனே இணைக்குமாறு சொல்வதே நன்று என்பது எம் துணிபு. குறை இருப்பின் அது வாயிலிலேயே வெளிப்படும், நள்ளிரவில் வெளிப்படாது.

இரண்டாவது டீஎல்சிம். கைப்பிடியையும் சார்பின் பெயரையும் கொடுத்தால், அச்சார்பு நினைவகத்தில் இருக்கும் முகவரியைத் தரும். மூன்றாவது டீஎல்எரர். பிழை நேர்ந்தால் அது யாதென்று சொற்களாற் கூறும். ஒருமுறை கூறியதை மறுமுறை கூறாது. ஆதலின் கேட்டவுடன் குறித்துக்கொள்ளல் வேண்டும். நான்காவது டீஎல்குளோஸ். கைப்பிடியைத் திருப்பிக் கொடுப்பது அது. ஒரே நூலகத்தை இருமுறை திறந்தால் இருமுறை மூடவேண்டும். ஏற்றி எண்ணிக்கை வைத்திருக்கும். அவ்வெண்ணிக்கை பூச்சியமாகும் வரை நூலகம் நினைவகத்தை விட்டு நீங்காது. இச்சார்புகளுக்கென முன்னர் ஒரு தனி நூலகத்தையும் இணைக்குமாறு சொல்லவேண்டியிருந்தது. 2021இல் வெளிவந்த குனு சி நூலகத்தின் 2.34ஆம் பதிப்பு முதல் அவை முதன்மை நூலகத்திலேயே அடங்கிவிட்டன.

இம்முறையினால் விளைந்த பயன் பெரிது. அப்பாச்சி என்னும் இணையச் சேவைச் செய்நிரல் தன் கூறுகளை இவ்வாறே ஏற்றுகின்றது. பைதன் மொழியிலே எழுதுவோர், சி மொழியில் ஆக்கிய கூறொன்றை வரவழைக்கும்போது உள்ளே நிகழ்வதும் இதுவே.

ஆயினும் ஓர் எச்சரிக்கை உண்டு. டீஎல்சிம் அறிவது பெயரை மட்டுமே. கேட்ட பெயருடைய சார்பு முழு எண்ணை வேண்டுவதா, தசம எண்ணை வேண்டுவதா, எத்தனை உள்ளீடுகளை வேண்டுவது என்பனவற்றை அது அறியாது. தவறாக அழைத்தாலும் தடுக்காது. மற்றைய வேளைகளிலே எம் தவறுகளைச் சுட்டும் தொகுப்பானும் இங்கே வாய்மூடி இருக்கும். இவ்விடர் கருதியே போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தளத்தார், 2006இல் வெளிவந்த 8.2ஆம் பதிப்பு முதல், ஏற்றப்படும் ஒவ்வொரு நூலகமும் தான் எப்பதிப்புக்காக ஆக்கப்பட்டது என்பதைக் காட்டும் அடையாளத்தைத் தாங்கியிருத்தல் வேண்டும் என விதித்தனர். அடையாளம் பொருந்தாவிடின் உள்ளே விடார்.

இனி எம் பிழையைக் கூறுவோம்.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மருத்துவமனையின் ஆய்வுகூடத்துக்கு யாம் ஒரு செய்நிரல் ஆக்கிக் கொடுத்தோம். குருதி முதலியவற்றைப் பரிசோதிக்கும் கருவிகள் பல அங்கே இருந்தன. ஒவ்வொரு கருவியும் தன் முடிவுகளை ஒவ்வொரு விதமாக அனுப்பும். ஆதலின் கருவிக்கொரு நூலகமாக எழுதி, தலைமைச் செய்நிரல் அவற்றை ஓடும்போதே ஏற்றிக்கொள்ளுமாறு வகுத்தோம். புதிய கருவி வந்தால் புதிய நூலகம் ஒன்றை வைத்தாற் போதும். பழைய நூலகத்தைத் திருத்தவேண்டின் அதனை இறக்கிவிட்டுத் திருத்தியதை ஏற்றலாம். ஏனைய கருவிகளின் வேலை ஒரு கணமும் தடைப்படாது. இவ்வமைப்பை வகுத்தவர் யாமே என்பதிற் பெருமையும் கொண்டிருந்தோம்.

ஏற்றப்பட்ட ஒவ்வொரு நூலகமும் முதலிலே தன்னுள் இருக்கும் ஒரு சார்பின் முகவரியைத் தலைமைச் செய்நிரலிடம் கொடுத்து, நிமிடத்துக்கு ஒருமுறை தன்னை அழைக்குமாறு கேட்டுக்கொள்ளும். கருவி இயங்குகின்றதா என அறிவதற்கான ஏற்பாடு அது. தலைமைச் செய்நிரல் அம்முகவரியைத் தன் அட்டவணையில் எழுதிக்கொள்ளும்.

இறக்கி ஏற்றும் முறையை யாமே பரிசோதித்தோம். ஒரு நூலகத்தை இறக்கி, அதே கோப்பை மீண்டும் ஏற்றினோம். யாதொரு கேடும் நேரவில்லை. பதிவேட்டில் மட்டும், நிமிடத்துக்கு ஒருமுறை வரவேண்டிய செய்தி இருமுறை வந்திருந்தது. அதனைக் கண்டோம், பொருட்படுத்தாது விட்டோம்.

சில வாரங்களின் பின், எம்மிடம் புதிதாகச் சேர்ந்திருந்த இளைஞர் ஒருவர் ஒரு கருவிக்குரிய நூலகத்தைத் திருத்தி எழுதினார். ஆய்வுகூடத்தில் வேலை குறைந்திருக்கும் பின்னிரவு 2 மணிக்குப் பழையதை இறக்கிப் புதியதை ஏற்றினோம். ஒரு நிமிடம் கழிவதற்குள் செய்நிரல் முழுவதும் விழுந்தது. ஏற்றப்பட்ட நூலகம் தனியே வாழ்வதன்று. தலைமைச் செய்நிரலின் நினைவக எல்லைக்குள்ளேயே அது குடியிருக்கும். ஆதலின் ஒன்றிலே நேர்ந்த கேடு எல்லாவற்றையும் வீழ்த்தியது. மீண்டும் தொடங்கி, பழைய நூலகத்தை வைத்து, விடுபட்ட முடிவுகளைச் சரிபார்த்து முடிக்க 3 மணித்தியாலம் சென்றது. அவ்வளவு நேரமும் ஆய்வுகூடப் பணியாளர் முடிவுகளைக் கையால் எழுதி, விடுதிகளுக்குத் தொலைபேசியிற் சொல்லிக்கொண்டிருந்தனர். இறைவன் திருவருளால் எந்த நோயாளிக்கும் தீங்கு நேரவில்லை. ஆயினும் ஓர் எண் மாறிச் சொல்லப்பட்டிருப்பின் யாது நேர்ந்திருக்கும் என எண்ணுந்தோறும் இன்றும் உடல் நடுங்குகின்றது.

மறுநாட்காலை கூட்டம் கூடிற்று. பழைய நூலகத்தை இறக்கி ஏற்றியபோது கேடில்லை. புதியதை ஏற்றியபோது கேடு நேர்ந்தது. ஆகவே குற்றம் புதியதிலேயே உள்ளது. தருக்கம் மறுக்கவொண்ணாததாகத் தோன்றிற்று. அனைவர் முன்னிலையிலும் அவ்விளைஞரை நோக்கி, "தம்பி, உமது கோப்பை வைக்கும்வரை எல்லாம் ஒழுங்காக ஓடின. அவசரப்பட்டு எழுதி எல்லோரையும் தலைகுனிய வைத்துவிட்டீர்" என்றோம். அவர் மறுமொழி கூறவில்லை. அடுத்த வேலைக்கும் அவரை விடுத்து வேறொருவரையே நியமித்தோம்.

நான்கு நாட்களின் பின் அவர் எம் அறை வாயிலில் வந்து நின்றார். "ஐயா, ஒன்று காட்டலாமோ?" என்றார். அவர் செய்தது மிக எளிய ஒரு பரிசோதனை. தாம் எழுதியதை அப்புறப்படுத்திவிட்டு, எம் பழைய நூலகத்தையே எடுத்து, எவரும் அழைக்காததும் எவ்வேலையும் செய்யாததுமான ஒரு நீண்ட சார்பை அதன் முற்பகுதியிற் சேர்த்திருந்தார். வேறெதையும் மாற்றவில்லை. பழையதை இறக்கி இதனை ஏற்றினார். ஒரு நிமிடத்துக்குள் செய்நிரல் விழுந்தது.

"ஐயா, பழைய சார்பின் முகவரியை அட்டவணையிலிருந்து யார் அழிக்கின்றார்?" என்று கேட்டார்.

ஒருவரும் அழிக்கவில்லை. அழிக்கவேண்டியது தலைமைச் செய்நிரல். அதனை எழுதியவர் யாமே.

நிகழ்ந்தது இது. நூலகத்தை இறக்கியபின்னும் அதன் முகவரி அட்டவணையில் இருந்தது. அதே கோப்பை உடனே ஏற்றியபோது, வெறுமையாகக் கிடந்த அதே இடத்தில் முறைமை அதனை இருத்திற்று. ஆதலின் பழைய முகவரி தற்செயலாகச் சரியான சார்பையே சுட்டியது. பழைய பதிவும் புதிய பதிவுமாக ஒரே சார்பு இருமுறை அழைக்கப்பட்டது. பதிவேட்டில் யாம் கண்டும் விட்ட இரட்டைச் செய்தி அதுவே. புதிய கோப்பிலோ சார்புகள் இடம் பெயர்ந்திருந்தன. பழைய முகவரியில் இப்போது இருந்தது வேறொரு சார்பின் நடுப்பகுதி. அங்கே சென்று புகுந்த செய்நிரல் விழாது என் செய்யும்? முகவரி என்பது ஓர் எண் மாத்திரமே. வீட்டார் குடிபெயர்ந்ததை அது அறியாது.

திருத்தம் கடினமானதன்று. இறக்குவதற்கு ஒரு முறை வகுத்தோம். முதலில், இறக்கப்படும் நூலகத்தின் முகவரிகள் யாவற்றையும் அட்டவணையிலிருந்து நீக்குதல். அடுத்து, அந்நேரத்தில் அந்நூலகத்தினுள்ளே நடந்துகொண்டிருக்கும் அழைப்புகள் முடியும்வரை காத்திருத்தல். மூன்றாவதாக, 'முடித்துக்கொள்' என்று நூலகத்துக்குச் சொல்லி, அது திறந்த கோப்புகளையும் தொடங்கிய வேலைகளையும் அதனைக் கொண்டே மூடுவித்தல். இவையெல்லாம் நிறைவேறிய பின்னரே டீஎல்குளோஸ். புதிய கோப்பை வைக்கும்போதும், பயன்பாட்டில் உள்ள பழைய கோப்பின்மேல் நேரே எழுதலாகாது. வேறு பெயரில் எழுதி முடித்து, பின்னர்ப் பெயரை மாற்றி வைத்தல் வேண்டும். இவ்வளவும் இயலாவிடின் இறக்காமலே விடுவது மேல். மசில் என்னும் சி நூலகத்தை ஆக்கியோர் இவ்விடர்களைக் கருதிப்போலும், டீஎல்குளோஸ் அழைக்கப்பட்டாலும் நூலகத்தை நினைவகத்திலிருந்து நீக்காதவாறே அதனை அமைத்துள்ளனர். போசிக்ஸ் விதியும் கட்டாயம் நீக்குக எனக் கூறவில்லை.

செய்நிரலைத் திருத்தியபின் வேறொன்றையும் திருத்தவேண்டியிருந்தது. முன்னர்க் கூடியவர் அனைவரையும் அதே அறைக்கு அழைத்து, குற்றம் எம்முடையது, அவ்விளைஞருடையதன்று என்று கூறினோம். அவர் எழுந்து, "பிழை அகப்பட்டதே ஐயா, அது போதும்" என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. அவருடைய நற்குணத்தால் அவ்வளவில் முடிந்தது. ஆயினும் முதற்கூட்டத்தில் யாம் சொன்ன சொல்லை அட்டவணையிலிருந்து முகவரியை அழித்ததுபோல் அழிக்க எம்மால் இயலவில்லை. பின் பல மாதங்கள், யாம் யாதேனும் கேட்கும்போது அவர் விடை சொல்லுமுன் ஒரு கணம் தயங்குவதைக் கண்டோம். அத்தயக்கம் எம்மால் விளைந்தது.

அக்காலத்திலே எம் கல்லூரி நூலகரை அடிக்கடி நினைத்தோம். நூலைத் திருப்பிக் கொடுக்கும்போது அவர் உடனே பதிவேட்டில் கோடு கிழிக்கமாட்டார். நூலை வாங்கி, தாள்களை மெல்லப் புரட்டி, உள்ளே மாணவனின் துண்டுக் கடிதமோ மைத்தாளோ கிடக்கின்றதா என்று பார்ப்பார். இருப்பின் எடுத்து எம் கையில் தந்துவிட்டே கோடு கிழிப்பார். பின்னால் நிற்போர் பொறுமை இழப்பர், யாமும் இழந்ததுண்டு. வீண்வேலை என்று எண்ணினோம். திருப்பிக் கொடுத்தல் என்பது நூலைக் கையளிப்பது மட்டுமன்று, அதனோடு எமக்கிருந்த தொடர்பு யாவற்றையும் முடித்துக்கொள்வது என்பதை அவர் ஒரு சொல்லும் சொல்லாது கற்பித்திருந்தார். யாம்தான் கற்கவில்லை.

மாணவ நண்பர்காள், கேட்டுப் பெறுதல் எளிது. டீஎல்ஓப்பன் ஒரே வரியில் முடியும். பெற்றதைத் திருப்பிக் கொடுக்குமுன், 'இதன் முகவரி எம் அட்டவணையில் எங்கேனும் எஞ்சியுள்ளதா?' என ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். திறந்தவரே மூடும் முறைக்கும் பொறுப்பாளி. பிழை நேர்ந்தால், பிறர் கோப்பைத் திறக்குமுன் உங்கள் கோப்பைத் திறந்து பாருங்கள். பதிவேட்டில் ஒரு செய்தி இருமுறை வந்திருப்பின் அதனைக் கடந்து போகாதீர்கள்.

கல்லூரி அன்னையிடம் யாம் கேட்டுப் பெற்றவை பல. அவற்றைத் திருப்பிக் கொடுக்கும் வகை அறியோம். பிழைபட்ட வழியை உள்ளபடி எழுதி வைத்தலும் ஒரு சிறு கைம்மாறாகலாம் என்றெண்ணி இதனை எழுதினோம். கல்லூரி அன்னை நீடு வாழ்க!